ஒன்பது நிமிடம் சும்மா இருந்தவன்

அவனுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் கசங்காமல் பத்திரமாக இருக்கிறது. வெளியே புழங்குவது குடைச்சல் என்ற பெயர்தான். ஐந்தாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த வாத்தியார் ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். இவனும் யோசிக்காமல் "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டான். ஒப்புக்கொண்ட பிறகு எங்கே போய் மறுப்பது?

பதினொன்றாம் வகுப்பில் பாதியோடு அவனும் பள்ளியும் பிரிந்தார்கள். யார் யாரை முதலில் விட்டது என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்றுவரை தகராறு உண்டு. கடைசி மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்ததுதான் விவகாரம். அடித்ததோடு ஓடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவன் மட்டும் கடைசி வகுப்பறை வரைக்கும் போய், "இங்க வரைக்கும் நல்லா கேட்டுச்சா?" என்று விசாரித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு செல்போன் கடையில் சேர்ந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாற்பது போன்களுக்கும் காலை பதினொரு மணிக்கு அலாரம் வைத்தான். பதினொன்று ஐந்துக்கு அந்த வேலையும் முடிந்தது.

பதினெட்டு வயதில் டெஸ்டர் ஆனான். டெஸ்டர் என்றால், மற்றவர்கள் எழுதிய செயலியை மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கிறவன். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பதினோரு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் முதலாளியம்மா ஒரு போனைக் கொடுத்து, "பத்து நிமிஷம் தரேன். இதுல என்ன கெட்டுப்போகும்னு காட்டுங்க" என்றார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மரியாதையாகத் தங்கள் பெயரை நிரப்பி, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். குடைச்சல் வயதில் மைனஸ் நான்கு போட்டான். பிறந்த தேதிக்கு அடுத்த வருடத்தைக் கொடுத்தான். பெயர் கேட்ட கட்டத்தில் அந்தக் கம்பெனியின் விதிமுறைகள் முழுவதையும் வெட்டி ஒட்டினான். மூன்றாவது நிமிடத்தில் செயலி கண்ணை மூடியது.

"எங்க படிச்ச?" என்றார் முதலாளியம்மா.

"படிக்கல மேடம். நான் எதைத் தொட்டாலும் உருப்படாதுன்னு வீட்டுல சொல்வாங்க. அதான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்தார். மூன்று மாதம் சோதனைக் காலம், சரியாக இருந்தால் நிரந்தரக் கடிதம். கூடவே ஒன்று சொன்னார்: "பக் உன் கண்ணுல படாம போகலாம், பரவாயில்ல. இல்லாத பக் இருக்குன்னு எழுதினா அன்னிக்கே அனுப்பிடுவேன். ஏற்கெனவே ஒருத்தன அனுப்பியிருக்கேன்." பக் என்றால் பிழை. குடைச்சல் மிகவும் பயபக்தியோடு தலையாட்டினான். தலையாட்டுவதில் மட்டும் அவன் எந்த வகுப்பிலும் தோற்றதில்லை.

அந்தக் கடிதத்துக்கு வீட்டில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவன் அப்பா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். போன வருடம் ஒரு காலையில் உடம்பின் வலது பக்கம் வேலைநிறுத்தம் செய்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டது. கை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. வாரம் மூன்று நாள், கைத்தடியோடு இரண்டு பஸ் மாறி, இயன்முறை சிகிச்சை மையத்துக்குப் போய்வருவார். அங்கே கையை மடக்கிவிடும் பெண்ணிடம், பஸ் கண்டக்டரிடம், எதிர்வீட்டுக்காரரிடம், எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்: "பையனுக்கு இந்த வெள்ளிக்கிழம லெட்டர் வருது."

கம்பெனி அப்போது செய்துகொண்டிருந்த செயலி அதே மாதிரி சிகிச்சை மையங்களுக்கானது. அப்பா போகும் மையமும் அதில் உண்டு. தோள் தூக்க முடியாதவர்களும் விரல் மடக்க முடியாதவர்களும் வீட்டிலிருந்தே ஒரு படுக்கையையும் நேரத்தையும் பிடித்து வைக்கலாம். கை வராதவர்களுக்கான அந்தச் செயலியைச் சோதிக்க, கை ஒரு நொடி சும்மா இராதவனை வைத்தார்கள். அதிலிருந்த விபரீதம் அவனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது.

சோதனைப் பிரிவு என்பது ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. ஒன்றில் குடைச்சல். இன்னொன்றில் கண்ணாடி அக்கா. தடிக் கண்ணாடி போட்டு, ஐந்து வருடமாக இதே வேலை செய்பவர். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. யார் எத்தனை பக் கண்டுபிடித்தார்கள் என்ற கணக்கு அதில் ஏறும். கண்ணாடி அக்கா வாரத்துக்கு எட்டு எழுதுவார். குடைச்சல் ஒரே வாரத்தில் பதினாறு எழுதினான். அக்கா பாதி நேரம் தூங்குகிறார் என்றே அவன் முடிவு கட்டியிருந்தான்.

எழுதிய பக் எல்லாம் போய்ச் சேரும் இடம் மௌனி. அந்தச் செயலியை எழுதிய டெவலப்பர். காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். அதில் எந்தப் பாட்டும் ஓடவில்லை, அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் மேஜைக்கு அடியில் தொங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது குடைச்சல்தான். தன் முதல் பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவன் எழுதும் பக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் தலைப்பு இருக்கும். 'வயது மைனஸ் நான்கு என்றாலும் வருக வருக என்கிறது: இன்னும் பிறக்காதவருக்கு எந்தத் தோளில் வலி?' 'திரும்பு பொத்தானை அமுக்கினால் திரும்பவில்லை: எழுதியவர் மாதிரியே.' ஆபீஸ் முழுக்கப் படித்துச் சிரிக்கும். மௌனி மட்டும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகச் சரிசெய்வார். சரிசெய்ய முடியாதவற்றின் அடியில் இரண்டே சொல் எழுதி மூடுவார்: 'மறுபடி வரவில்லை.' நீ சொன்னபடியே செய்து பார்த்தேன், எனக்கு அந்தப் பிழை வரவில்லை, ஆகவே அப்படி ஒன்று கிடையாது என்று அர்த்தம். டெஸ்டரின் காதில் விழக்கூடாத சொல் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இரண்டாவது மாதத்தின் நடுவில் பலகையில் அவன் பெயருக்கு நேரே நாற்பத்தேழு என்று நின்றது. இரண்டு நாளாக எதுவும் கிடைக்கவில்லை. ஐம்பதுக்கு இன்னும் மூன்றுதான். குடைச்சல் அந்த மூன்றையும் உட்கார்ந்து தயாரித்தான்.

முதலாவது, தேதி தானாக மாறுகிறது என்று ஒரு சின்னப் பொய். இரண்டாவதற்குக் கொஞ்சம் உழைத்தான்: செயலி திறக்கும்போது 'வணக்கம் மௌனி' என்று வருவதாக ஒரு படத்தை அவனே வரைந்து ஒட்டினான். மூன்றாவதுதான் அவன் வாழ்நாள் சாதனை. 'மதியம் மூன்று முப்பத்து மூன்றுக்கு மட்டும் செயலி அரை நிமிடம் உறைகிறது. எல்லா நாளும் அல்ல.'

அந்த 'எல்லா நாளும் அல்ல' என்பதில்தான் அவன் திறமை முழுவதும் இருந்தது. மறுநாள் மூன்று முப்பதுக்கு மௌனி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் ஏந்தி, அசையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். குடைச்சல் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை முழுங்கியதில் மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. நான்காம் நாள் மௌனி எழுதினார்: 'மறுபடி வரவில்லை.' எழுதிவிட்டு, தலையைத் திருப்பிக் குடைச்சலை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் எழுதும் பக்கைக் கடைசியாகத்தான் திறப்பார்.

சோதனைக் காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. வியாழன் செயலி வெளியாகிறது. வெள்ளி கடிதம். ஆபீஸ் போனை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. கேட்டால் விதி வந்துவிடும் என்பதால் அவன் கேட்கவில்லை. அப்பாவிடம் பெருமையாக நீட்டினான். "இந்தாப்பா. அடுத்த வாரத்துலேர்ந்து நீ இதுலதான் எடம் புடிக்கணும். இது சும்மா சோதனைக்கு. ஒண்ணு போட்டுப் பாரு."

அப்பா சாய்வு நாற்காலியில் போனைத் தொடைமேல் வைத்து, இடது கட்டைவிரலால் ஆரம்பித்தார். திங்கள், காலை பத்து மணி, மூன்றாம் படுக்கை. அதைத் தொட்ட பிறகு பெயர், வயது, முகவரி. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி, தேடி, அமுக்கி, தப்பாக விழுந்ததை அழித்து, மறுபடி தேடினார். துணி மடித்துக்கொண்டிருந்த அவன் கூடப்பிறந்த அக்கா, "டேய், இவரு முடிக்கிறதுக்குள்ள திங்கக்கிழமையே வந்துடும்டா" என்றாள்.

"நீ துணிய மடி. எனக்கு அவசரம் இல்ல," என்றார் அப்பா. "எந்த எடத்துல வலின்னு கேக்குதுடா. பெரிய லிஸ்ட்டா இருக்கு."

"கைன்னு போடுப்பா."

"கைதான். ஆனா வலி இல்லியே. வர மாட்டேங்குது, அவ்ளோதான். வர மாட்டேங்குதுன்னு எங்க இருக்கு?"

அப்படி ஒன்று இல்லை. மூன்று மாதத்தில் அந்தப் பட்டியலை ஆயிரம் தடவை கடந்து போயிருக்கிறான். எப்போதும் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் பறந்துவிடுவான்.

காத்திருப்பது அவனுக்கு ஆகாது. அதே சோதனைச் செயலி இருந்த தன் சொந்த போனை எடுத்து, அப்பா பிடிக்கும் அதே பத்து மணியைத் தான் பிடித்து அவரை ஏமாற்றலாம் என்று இறங்கினான். இடம் இல்லை என்று வந்தது. சரிதான், அப்பா தொட்டுவிட்டதால் ஏழு நிமிடம் அவருக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? தட்டிக்கொண்டே இருந்தான். ஏழு நிமிடம் ஆனதும் இடம் திறந்தது. டக்கென்று பிடித்தான். உறுதி என்று வந்தது. இனி அப்பா கடைசிப் பொத்தானை அமுக்குவார், இடம் போய்விட்டது என்று வரும், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று தயாராக உட்கார்ந்தான்.

பதினோராவது நிமிடத்தில் அப்பா அமுக்கினார்.

"வந்துடுச்சுடா. உறுதி. பத்து மணி, மூணாம் படுக்க."

குடைச்சல் தன் போனைப் பார்த்தான். அதிலும் உறுதி. பத்து மணி. மூன்றாம் படுக்கை. சிரிப்பு பாதி வழி வந்து அங்கேயே நின்றது. ஏழு நிமிடம் ஆனதும் இடத்தை அடுத்தவருக்குத் திறந்துவிடத் தெரிந்த செயலிக்கு, முதலில் பிடித்தவரிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனியில் எல்லோரும் நாற்பது நொடியில் முடித்துவிடுகிறார்கள். ஏழு நிமிடம் அந்தத் திரையில் இருந்தவர் அந்த மாடியில் ஒருவர்கூட இல்லை.

"என்னடா மூஞ்சி அப்படிப் போகுது? தப்பா போட்டுட்டேனா?"

"நீ சரியாத்தான்பா போட்ட."

அப்பா இரண்டு பஸ் மாறிப் போய் நிற்பதையும், படுக்கையில் வேறொருவர் படுத்திருப்பதையும், 'பரவால்லம்மா, நான்தான் தப்பா போட்டிருப்பேன்' என்று அவர் திரும்பி வருவதையும் நினைத்தான். அவர் நிச்சயம் அப்படித்தான் சொல்வார்.

திங்கள் காலை முதல் வேலையாக அதை எழுதினான். எண் இருநூற்றுப் பதினொன்று. உள்ளே விவரம் எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினான். தலைப்பில் மட்டும் பழக்கதோஷம் விடவில்லை: 'மூன்றாம் படுக்கையில் இரண்டு பேர்: யார் ஓரமாகப் படுப்பது?' நான்காவது படியில் இப்படி இருந்தது: 'ஏழு நிமிடத்துக்கு மேல் எதுவும் செய்யாமல் காத்திருக்கவும்.'

கடைசியாகத் திறக்கப்பட்டு, திறந்த ஒரே நிமிடத்தில் மூடப்பட்டு வந்தது. மறுபடி வரவில்லை.

எழுந்து போனான். "அண்ணா, ஒரு நிமிஷத்துல மூடிட்டீங்க. ஏழு நிமிஷம் இருந்து பாக்கணும்ணா."

மௌனி ஒரு பக்கக் காதை மட்டும் விடுவித்தார். "போன தடவ மூணு முப்பத்து மூணு. இந்தத் தடவ ஏழு நிமிஷம். அடுத்த தடவ எத்தன மணி நேரம்னு முன்னாடியே சொல்லிடு. சாப்பாடு கட்டிட்டு வந்துடறேன்."

மூன்று மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

முதலாளியம்மாவிடம் போனான். இரண்டு போனையும் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினான். அவர் மௌனியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தம்பி நல்லா வரைவான் மேடம்," என்றார் மௌனி.

"அப்படின்னா?"

நீட்டிய போனைக் குடைச்சல் கீழே இறக்கினான். மௌனி அவனைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அன்றைக்கே பையைத் தூக்க வேண்டியதுதான். "ஒண்ணும் இல்ல மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"யாருப்பா ஒரே ஸ்கிரீன்ல அவ்ளோ நேரம் உக்காரப் போறாங்க?" என்றார் முதலாளியம்மா. "வியாழக்கிழம ரிலீஸ். போய் வேற ஏதாவது பாரு."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். கண்ணாடி அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"என்ன, போணியாகலையா?"

"நெஜமாவே இருக்குக்கா. யாரும் உக்காந்து பாக்க மாட்டேங்கறாங்க."

"அவரு உக்காந்து பாத்த லட்சணம்தான் தெரியுமே. மூணு நாளு. மூணாவது நாளு அவரு பொண்ணுக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம். மத்தியானமே கெளம்பறதா லீவு சொல்லி வெச்சிருந்தாரு. மூணு முப்பத்து மூணு பாத்துட்டுப் போயிடறேன்னு உக்காந்தாரு. போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சாம்."

குடைச்சலுக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வந்த நாள் அது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவன் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினான். எழுதிக் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது. மூடியது அவர், பொறுப்பும் அவருடையது. வாயைப் பொத்திக்கொண்டு மூன்று நாள் ஓட்டினால் கடிதம் கையில். வாதம் ஒவ்வொன்றும் பிரமாதமாகத்தான் இருந்தது. வழக்குதான் ஜெயிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா அவனுடைய பழைய போனை வைத்துக்கொண்டு தன் பெயரை அடித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தார். "வேகமா வரணும்ல," என்றார். "ஏழெட்டு நிமிஷத்துக்குக் கொண்டாந்துட்டேன்."

புதன்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ் பட்டியலில் புதிதாக ஒரு பக் ஏறியிருந்தது. எண் இருநூற்றுப் பதினான்கு.

'தலைப்பு: குடைச்சல் பொய் பக் எழுதுகிறான்.

எங்கே: சோதனைப் பிரிவு, ஜன்னலோர நாற்காலி.

மறுபடி வரவைக்கும் வழி: ஒன்று, பலகையில் அவன் பெயருக்கு நேரே நாற்பத்தேழு என்று எழுதவும். இரண்டு, ஐம்பது அவன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். மூன்று, அவனைத் தனியாக விடவும்.

என்ன நடக்க வேண்டும்: உட்கார்ந்து தேட வேண்டும்.

என்ன நடக்கிறது: எண் நூற்று எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று ஆகிய மூன்றும் பொய். எழுபத்திரண்டின் படம் அவன் வரைந்தது. மூன்று முப்பத்து மூன்று அவன் வாயில் வந்த நேரம்.

பாதிப்பு: ஒருவர் மூன்று நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ஓர் ஓட்டப்பந்தயத்தைப் பார்க்கவில்லை. இப்போது இருநூற்றுப் பதினொன்று உண்மையாக இருந்தும் யாரும் நம்பவில்லை. அதை முதலில் கண்டதும் இவன் இல்லை. இவன் அப்பா. அவருக்கு வலது கை வராது. ஓர் இடம் பிடிக்கப் பதினோரு நிமிடம் ஆகிறது. தயவுசெய்து ஒருமுறை மட்டும் காத்திருந்து பார்க்கவும்.

தீவிரம்: மிக அதிகம்.'

அனுப்பு பொத்தானை அமுக்கிவிட்டு, பையில் தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் எடுத்து வைத்துக்கொண்டான். எப்படியும் எடுக்க வேண்டியதுதானே.

பத்து நிமிடம் கழித்து முதலாளியம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் நன்றாக இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் மௌனி எழுந்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு போனை எடுத்துக்கொண்டு கூட்ட அறைப் பக்கம் நடந்து, வாசலில் நின்று, "வா" என்றார்.

"உன்கிட்ட அப்புறம் பேசறேன்," என்றார் முதலாளியம்மா குடைச்சலிடம். "மொதல்ல இது." அவரும் வந்தார். கண்ணாடி அக்காவும் வந்தார்.

மௌனி ஒரு போனில் பத்து மணியைத் தொட்டார். இன்னொன்றைக் கண்ணாடி அக்காவிடம் கொடுத்தார். பிறகு நான்கு பேரும் சும்மா இருந்தார்கள்.

குடைச்சல் வாழ்க்கையில் அப்படி இருந்ததே இல்லை. முதல் நிமிடம் நாற்காலியைச் சுழற்றலாம் என்று கால் சொன்னது. இரண்டாவது நிமிடம் மேஜைமேல் அமுக்கினால் டிக் டிக் என்னும் பேனா ஒன்று அவனையே பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டான். மூன்றாவது நிமிடம் கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. திரை மங்கும்போதெல்லாம் மௌனி விரல் நுனியால் லேசாகத் தொட்டு அதை விழிக்க வைத்தார். நான்காவது நிமிடத்தில், அவர் போனைப் பிடித்திருந்த விதத்தை அவன் பார்த்தான். இரண்டு கையாலும் ஏந்தி, அசையாமல். இதே மாதிரிதான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது எவ்வளவு வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு அவனால் அவர் கையைப் பார்க்க முடியவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டான்.

"தொறந்துடுச்சு," என்றார் கண்ணாடி அக்கா, ஏழு நிமிடம் கடந்ததும். அதே படுக்கையைப் பிடித்தார். உறுதி என்று வந்தது.

ஒன்பதாவது நிமிடத்தில் மௌனி தன் போனில் கடைசிப் பொத்தானை அமுக்கினார். உறுதி. பத்து மணி. மூன்றாம் படுக்கை.

இரண்டு போனையும் அருகருகே வைத்து எல்லோரும் பார்த்தார்கள்.

"ம்," என்றார் மௌனி. பிறகு, "உங்கப்பாவுக்கு எத்தன நிமிஷம்?"

"பதினொண்ணுண்ணா. இப்போ ஏழெட்டுக்கு வந்துட்டேன்னு சொல்றாரு. 'எங்க வலி'ங்கற எடத்துல மட்டும் மூணு நிமிஷம் போயிடும். அவருக்கு வலி இல்ல. வர மாட்டேங்குது. அது லிஸ்ட்டுல இல்ல."

மௌனி பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: இருபது நிமிடம். வர மாட்டேங்குது.

செயலி வியாழன் வெளியாகவில்லை; பிழையைச் சரிசெய்து அடுத்த திங்கள்தான் வெளியானது. வெள்ளிக்கிழமை முதலாளியம்மா அவனைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு உறை இருந்தது.

"இது உன் லெட்டர். போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன்." உறையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "கிழிக்கல. உன்ன அனுப்பணும்னுதான் இருந்தேன். மௌனி வந்து வேண்டாம்னாரு. இன்னும் மூணு மாசம் பாக்கறேன். ஒரு பொய் வந்துச்சுன்னா வாசல் எங்கன்னு உனக்கே தெரியும்."

"சரி மேடம்."

"தலைப்புல ஜோக் கூடாது."

"பாதி ஜோக் மேடம்?"

"குடைச்சல்."

"சரி மேடம்."

வெளியே வந்தபோது வெள்ளைப் பலகை துடைக்கப்பட்டிருந்தது. யார் துடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடி அக்காவின் விரலில் மை இருந்தது.

வீட்டில் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டக் கடிதம் வேண்டுமாம். குடைச்சல் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். வரைந்த படம், மூன்று முப்பத்து மூன்று, ஓட்டப்பந்தயம், தன்மேல் தானே எழுதிய பக். அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நெஜமாவே மூணு நாளு உக்காந்தாரா?"

"ஆமாப்பா."

அப்பாவின் வாய் ஒரு பக்கம் மட்டும் கோணியது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று அந்த வாயை வைத்து இப்போதெல்லாம் கண்டுபிடிக்க முடிவதில்லை. "பாவம்டா அந்த மனுஷன்," என்றார். பிறகு, "எதிர்வீட்டுல நான் சொல்லிக்கறேன். மூணு மாசம்தான? என் கையவிட நீ சீக்கிரம் வந்துடுவ."

"ரெண்டுல எது மொதல்ல வருதுன்னு பாப்போம்," என்றாள் அக்கா. "நான் கையோட பக்கம்."

திங்கள் காலை அவன் மௌனியின் மேஜைக்குப் போனான். என்ன சொல்வது என்று பஸ்ஸில் நான்கு விதமாகத் தயார் செய்திருந்தான். நின்றதும் நான்கும் போய்விட்டன.

"அண்ணா, பொண்ணு அன்னிக்கு ஓடினாளே, என்னாச்சு?"

"ரெண்டாவது."

"நல்லா ஓடுவாளா?"

"தெரியல. பாக்கலையே," என்றார் மௌனி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் குடைச்சல் எழுதிய பக் எல்லாம் வறண்ட மொழியில் இருந்தன; எழுதும்போது அவனுக்கே கொட்டாவி வந்தது. வேகமாகத் தட்டிப் பார்ப்பதோடு, இடது கட்டைவிரலால் மட்டும் ஒருமுறை, நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை என்றும் சோதித்தான். வாரத்துக்கு ஏழோ எட்டோதான் தேறியது. கண்ணாடி அக்கா தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. செயலி இப்போது இடத்தை இருபது நிமிடம் பிடித்து வைத்தது; அப்பா அதில் பாதியிலேயே சாவகாசமாக இடம் பிடித்தார். பட்டியலில் கடைசியாகப் புதிய ஒரு வரி இருந்தது: 'வலி இல்லை, ஆனால் வர மாட்டேங்குது.' மையத்தில் பாதிப் பேர் அதைத்தான் தட்டுகிறார்களாம்.

இருநூற்றுப் பதினான்கு மட்டும் பட்டியலில் திறந்தே கிடந்தது. புதிதாகச் சேர்பவர்கள்கூட அதைப் படித்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். டெவலப்பர்தான் மூட வேண்டும். டெஸ்டர் தொடக் கூடாது. அவனும் தொடவில்லை. தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பான்.

இரண்டாவது சோதனைக் காலத்தின் கடைசி வியாழன் மதியம் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது. எண் இருநூற்றுப் பதினான்கு மூடப்பட்டது. அடியில் மௌனி எழுதியிருந்தார்:

'மூன்று மாதம் காத்திருந்து பார்த்தேன். மறுபடி வரவில்லை.'

மூடிய நேரம் மூன்று முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது.

குடைச்சல் தலையைத் திருப்பிப் பார்த்தான். நாற்காலி காலி. ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. ஒயர் வழக்கம்போல் ஒன்றிலும் இல்லாமல் தொங்கியது.

"எங்கேக்கா போனாரு?"

"இன்னிக்கு அவரு பொண்ணு ஓடறா," என்றார் கண்ணாடி அக்கா. "மத்தியானமே கெளம்ப வேண்டியவரு. ஒரு சின்ன வேல இருக்குன்னு இவ்ளோ நேரம் கடிகாரத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பந்தயம் அஞ்சு மணிக்குத்தானாம். எட்டிப் புடிச்சிடுவாரு."